நாற்பது அட்டைகளின் சிவந்த மூலைகள்

அட்டையின் நான்கு மூலைகளும் இரத்தச் சிவப்பாக இருந்ததைப் பார்த்த மறுநொடி, யாரோ எங்கள் ஸ்டுடியோவுக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நம்பினேன். கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லாமல் நம்பினேன். வைத்தது யார், எந்த அமாவாசையில், எதற்காக என்பதுவரை அரை நிமிடத்தில் என் மூளை கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது. வேறு எந்த வேலையிலும் அது அவ்வளவு சுறுசுறுப்புக் காட்டியதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், பாலக்கோட்டில் நான் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த ஸ்டுடியோவில் போன மாதம் வந்திறங்கிய புது இயந்திரம். வாழ்த்து அட்டையை அதுவே அச்சடித்து, அதுவே வெட்டி, அதுவே மடித்துத் தள்ளுகிறதாம். இப்போது அங்கே இருக்கும் தேன்மொழியும் ரேவதியும் போன் செய்தார்கள். “அண்ணா, இதையெல்லாம் நீங்க கையிலயா பண்ணீங்க? அப்பறம் அந்தச் செவப்பு மூலைக் கதை நெசங்களா? நீங்க அழுதீங்கன்னு பத்மாக்கா சொல்றாங்க.”

நான் அழவில்லை. மஞ்சள் பட்ட கையால் கண்ணைத் துடைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. முழங்கால் ஒத்துழைக்காததால் ஐம்பதிலேயே வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு, தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவாவது எழுத வேண்டியிருக்கிறது.

வேலை கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. தர்மபுரியில் ஒரு ஸ்டுடியோக்காரர் படம் கழுவும் இருட்டறையில் தட்டு கழுவச் சேர்த்துக்கொண்டார். மூன்று வருடம் கழுவினேன். கடைசியில் ஒருநாள் ஒரு முழுக் கல்யாணத்தின் ஃபிலிமை வெளிச்சத்தில் திறந்துவிட்டேன். அதன் பிறகு அந்த ஊரில் இருக்க முடியவில்லை. பாலக்கோட்டுக்கு வந்தேன். அங்கே பத்மாக்கா இருந்தார்.

பத்மாக்கா ஸ்டுடியோவின் முதலாளி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கணவர் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுப்பார். கடையை நடத்தியது அக்காதான். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் கூடக் கூட அவருடைய மரியாதை கூடும். சாதாரண நாளில் நான் “மாதையா”. ஒரு படத்தின் நிறம் கொஞ்சம் பச்சையடித்தால் “மாதையன்”. வாடிக்கையாளர் பெயரை மாற்றி எழுதிவிட்டால் “மாதையண்ணா, கொஞ்சம் வாங்க”. அதற்கும் மேலே ஒரு படி உண்டு. அது “சார்”. இருபத்தெட்டு வருடத்தில் இரண்டே முறை சார் ஆகியிருக்கிறேன். முதல் முறை ஒரு மாப்பிள்ளையின் படத்தை வேறொரு மாப்பிள்ளையின் ஆல்பத்தில் வைத்தபோது. இரண்டாவதைத்தான் சொல்லப்போகிறேன்.

போன் வந்து, எல்லோரும் அவரவர் படத்தை அவரவரே எடுக்கத் தொடங்கிய பிறகு எங்களுக்கு வேலை குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை, வேறு மாதிரி ஆனது. “நான் எடுத்த படம், நல்லா இருக்குதுங்களா? இதை வெச்சு ஒரு வாழ்த்து அட்டை பண்ணிக் குடுங்க” என்று வர ஆரம்பித்தார்கள். கடையில் விற்கும் ரோஜாப்பூ அட்டை யாருக்கும் வேண்டாம். தன் மாட்டின் படம் போட்ட பொங்கல் அட்டை வேண்டும். பாப்பாரப்பட்டியிலிருந்து ஒருவர், தான் வாங்கிய டிராக்டரின் படம் போட்டுத் தன் மாமனாருக்கு அட்டை அனுப்பினார். வாழ்த்தா வம்பா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒருவர் எதைப் படம் எடுக்கிறார், அதை யாருக்கு அனுப்புகிறார் என்று பார்ப்பது சுவாரசியமான வேலை. அதற்கு எனக்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

செய்முறையைத்தானே கேட்டார்கள் அந்தப் பெண்கள், சொல்லிவிடுகிறேன். பளபளப்புத் தாளில் அச்சடிக்கக் கூடாது. அட்டையைத் திறப்பவர்களின் கட்டைவிரல் ரேகை காலத்துக்கும் நிற்கும். மேட் தாள்தான். அச்சிலிருந்து வந்த படத்தை ஒருநாள் முழுக்கத் தனித்தனியாகப் பரப்பி வைக்க வேண்டும். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே மை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும். அடுத்தது அட்டை. கெட்டியான தாளுக்கு வளைய விருப்பமுள்ள பக்கம் ஒன்று, விருப்பமில்லாத பக்கம் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பார்த்தால் கைக்கே தெரியும். விருப்பமுள்ள பக்கமாக மடித்தால் கோடு நேராக விழும். மற்றப் பக்கம் மடித்தால் முதுகு வெடிக்கும். மடிப்பதற்கு முன்னால் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரே இழுப்பாக ஒரு கோடு. இரண்டு முறை இழுத்தால் தாள் கிழியும். மையுள்ள பேனாவால் இழுத்தால் என்ன ஆகும் என்பதை நான் சொந்த அனுபவத்தில் சொல்ல முடியும்; சொல்லப்போவதில்லை.

படத்தை ஒட்ட இருபக்கமும் ஒட்டும் டேப் மட்டுமே. அது அக்காவின் சட்டம். ஈரப்பசை கூடாது. ஈரம் பட்டால் அட்டை அப்பளம்போல நெளியும். ஒட்டி முடித்ததும் பழைய ஆல்பங்களுக்கு அடியில் வைத்து அழுத்த வேண்டும். எடுத்ததும் அக்கா பரிசோதிப்பார். ஒவ்வொரு அட்டையையும் மூன்று முறை திறந்து மூடுவார். மேசையில் நிறுத்திப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை மடிப்பின் மேல் ஓட்டுவார். சரியாக இருந்தால் “ம்” என்பார். அந்த “ம்” வாங்குவதற்காக நான் பட்ட பாட்டை என் வீட்டுக்காரி கண்டிருந்தால் விவாகரத்துக் கேட்டிருப்பாள்.

நாலு வருடத்துக்கு முந்தைய மார்கழி. மாரண்டஹள்ளியில் தையல் கடை வைத்திருந்த செல்வி வந்தாள். முப்பத்து நாலு வயது. கணவர் விபத்தில் போய் ஐந்து வருடம். ஒன்பது வயதில் ஒரு மகள். ஓசூருக்குத் தக்காளி ஏற்றிப்போகும் வண்டி ஓட்டும் குமாரை மறுமணம் செய்துகொள்ள முடிவாகியிருந்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக நெருங்கிய நாற்பது வீடுகளுக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை. முன்னால் அவர்கள் மூவரின் படம், உள்ளே வாழ்த்தோடு ஒரே ஒரு வரி: தை பதினெட்டு, பாலக்கோட்டில் பதிவுத் திருமணம், வந்துவிடுங்கள்.

படம் அவளே எடுத்தது. போனை ஒரு தக்காளிக் கிரேட்டின் மேல் சாய்த்து வைத்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்திருக்கிறாள். மூச்சு வாங்குவது முகத்தில் தெரிந்தது. நடுவில் மகள் ஒரு கண்ணை மூடியபடி சிரிக்கிறாள். குமார், படம் எடுக்கப்பட்டுவிட்டதா இல்லையா என்று தெரியாதவன் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறான். வலது ஓரத்தில் யாருடையதோ ஒரு முழங்கை.

“இந்தக் கைய வெட்டிரலாமா?” என்றேன்.

“ஐயோ, வெட்டிராதீங்கண்ணா. அது எங்கம்மா.”

“அம்மாவ முழுசா நிக்கச் சொல்லியிருக்கலாமே?”

“நின்னாத்தானே? மூணு மாசமா இந்தப் பேச்சு எடுத்தாலே எழுந்து போயிருவாங்க. வேணாம்னும் சொல்றதில்லை, சரின்னும் சொல்றதில்லை. நாங்க படம் எடுக்கறப்ப ஓரமா நின்னு வேடிக்கை பாத்தாங்க. அதான் கை மட்டும் வந்துருக்குது. அது இருக்கட்டும்ணா.”

முழங்கையை வைத்தே அச்சடித்தேன்.

வினை இங்கேதான் தொடங்குகிறது. அந்த வருடம் வந்த அட்டை மெலிசு. மேசையில் நிறுத்தினால் சாஷ்டாங்கமாக விழுந்தது. இரண்டு அட்டைகளைச் சேர்த்து ஒட்டினால்தான் நின்றது. பொங்கல் நெருக்கடியில் டேப் தீர்ந்துபோயிற்று. புது டேப் வர மூன்று நாளாகும் என்றார்கள். செல்விக்கு மறுநாள் காலையில் கொடுப்பதாகச் சொல்லியாயிற்று. அக்காவிடம் போய் “டேப் இல்லை” என்று சொல்ல வேண்டியதுதானே? எவ்வளவு வேண்டும் என்று அவர் முன்கூட்டியே கேட்டபோது, “இருக்குதுக்கா, தாராளமா இருக்குது” என்று சொன்ன வாய் இதே வாய்.

எனவே மைதாமாவில் பசை காய்ச்சினேன். மைதாப் பசையைக் கரப்பான் தின்னும், அது தெரியும். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வரும்போதெல்லாம் யாராவது என்னை ஓர் அறையில் பூட்டி வைத்திருக்கலாம். சுண்ணாம்பு அடித்த சுவரைக் கரப்பான் தின்று யாராவது பார்த்ததுண்டா? இல்லையே! வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கிப் பசையில் கலந்தேன். பசை லேசாக மஞ்சளித்து, நன்றாகக் கெட்டியாகி, பிரமாதமாக ஒட்டியது. ஓரத்தில் பிதுங்கியதை ஈரத்துணியால் மூலைவரை இழுத்துத் துடைத்தேன். ஆல்பங்களுக்கு அடியில் வைத்தேன். காலையில் அக்கா மூன்று முறை திறந்து மூடி, நிறுத்தி, கண் மூடி விரலை ஓட்டினார்.

“ம்,” என்றார். “டேப்புதானே மாதையா?”

“டேப்புதாங்கக்கா.”

செல்வி அட்டைகளை வாங்கிப் போனாள். மதியம் மூன்று மணிக்குத் திரும்பி வந்தாள். அக்கா தபாலாபீசுக்குப் போயிருந்தார். செல்வி பையைக் கவிழ்த்தாள். மேலே கிடந்த அட்டைகளின் நான்கு மூலையும் சிவப்பு. காய்ந்த இரத்தம் மாதிரி.

“என்னம்மா இது?”

“அதத்தாண்ணா நானும் கேக்கறேன். அட்டைய வூட்டுல வெச்சிட்டுக் கடைக்குப் போனேன். சாப்பாட்டுக்கு வந்து பாத்தா, எங்கம்மா மஞ்சளை அரைச்சு வெச்சுக்கிட்டு ஒவ்வொரு அட்டைக்கும் மூலையில தடவிக்கிட்டு இருக்காங்க. நான் சொல்லவே இல்லீங்கண்ணா. அவங்களாவே தடவுறாங்க!”

எனக்குப் புரிந்தது. நல்ல காரியத்துக்குப் போகும் தாளுக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் வைப்பார்கள். மூன்று மாதமாக வாய் திறக்காத தாய், சம்மதத்தை விரலால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

“வாசல்லயே நின்னுட்டேன், மூச்சுக்கூட வுடலை. இருபத்தெட்டு அட்டைக்குத் தடவிட்டாங்க. அதுக்குள்ள மொதல்ல தடவுனதெல்லாம் செவக்க ஆரம்பிச்சிருச்சு. அம்மா அப்படியே பாத்தாங்க. கையக் கழுவிட்டுப் போயிப் படுத்துட்டாங்க. ‘தாலி எறக்குனவ கை. எங் கை பட்டா இப்படித்தான் ஆவும். வேண்டாம்டி இந்தக் கல்யாணம்’னு சொல்லிட்டாங்க. இத்தினி நாளு வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லலை. இப்பச் சொல்லிட்டாங்க. அவங்க வேணாம்னா நான் பண்ணிக்க மாட்டேண்ணா.”

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்வான்? யோசிப்பான். நான் கடை வாசலைப் பார்த்தேன். வாசற்படி ஓரத்தில் ஓர் எலுமிச்சம்பழம் கிடந்தது!

எதிர்ச்சாரியில் அட்டை விற்கும் கடைக்காரர் நேற்று என்னைப் பார்த்துச் சிரித்தது நினைவுக்கு வந்தது. அவர் எப்போதும் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பவர்தான். அது நினைவுக்கு வரவில்லை. “செய்வினை!” என்றேன். “நமக்கு வெச்சது உங்க மேல பாஞ்சிருச்சு செல்வி. பயப்படாத, நான் முறிச்சிடறேன்.”

“அண்ணா, அந்தப் பழம் என் பையில இருந்து உருண்டதுண்ணா. ஊறுகாய்க்கு வாங்கினேன்.”

காதில் விழவில்லை. அட்டை வெட்டும் பிளேடால் பழத்தை இரண்டாக அறுத்து, எனக்குத் தெரியாத மந்திரத்தை முணுமுணுத்து, நான்கு திசையிலும் பிழிந்தேன். பிழிந்த வேகத்தில் ஐந்தாவது திசையாக அட்டையின் மேலும் விழுந்தது. சாறு பட்ட மூலை எங்கள் கண் முன்னாலேயே சிவப்பு மாறி மஞ்சளானது.

“முறிஞ்சிருச்சு!” என்று கத்தினேன்.

செல்வி அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். அங்கே பத்மாக்கா நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து ஓர் அட்டையை எடுத்தார். முகர்ந்தார். சிவந்த மூலையை நகத்தால் பிரித்து உள்ளே பார்த்தார்.

“சார்,” என்றார். “பசையில என்ன போட்டீங்க சார்?”

என் வாழ்க்கையின் கடைசி நாள் அது என்று முடிவு செய்தேன். “சுண்ணாம்புங்கக்கா.”

“உக்காருங்க சார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா என்ன நெறம் வரும் சார்? ஆயிரம் கல்யாணத்துல ஆரத்தி படம் புடிச்சிருக்கீங்களே.”

“அதுல குங்குமம் கரைக்கறாங்கன்னு நெனச்சேன்.”

செல்வி முதல்முறையாகச் சிரித்தாள், அழுகையோடு சேர்த்து.

“நாப்பது அட்டையும் புதுசா அடிச்சிக் குடுத்துடறேங்கக்கா,” என்றேன். “இன்னைக்கே.”

“புதுசு குடுத்தா அந்தம்மா என்ன நெனைப்பாங்க சார்? எங் கை பட்டதுதான் கெட்டுப்போச்சு, அதான் மாத்திக் குடுக்கறாங்கன்னு நெனைப்பாங்க. பசை மிச்சம் இருக்குதுங்களா சார்? டப்பாவுல எடுத்துக்கங்க. செல்வி கூட பஸ்ஸுல போங்க. நீங்க பண்ணுன வேலைய நீங்களே சொல்லிட்டு வாங்க சார்.”

மாரண்டஹள்ளி பஸ்ஸில் டிபன் டப்பாவில் பசையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு ஒத்திகையிலும் குற்றவாளி மைதாவாகவே இருந்தது.

செல்வியின் அம்மா முனியம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பொங்கலுக்கு வீட்டுக்கு அப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

“ஆரு இந்தாளு?”

“அட்டை பண்ணுனவருங்கம்மா. உங்ககிட்ட என்னமோ சொல்லணுமாம்.”

சொன்னேன். வேகமாகச் சொன்னேன். பிறகு டப்பாவைத் திறந்து பசையை என் உள்ளங்கையில் தடவி, அரைத்து வைத்திருந்த மஞ்சளை அதன்மேல் வைத்தேன். சிவந்தது. வெற்றியோடு கையை நீட்டினேன்.

முனியம்மா எழுந்து உட்கார்ந்து பார்த்தார். “உங் கையும் என்னாட்டமே ராசியில்லாத கை போல இருக்குது,” என்றார்.

வியர்த்துவிட்டது. இதற்கு ஒத்திகை இல்லை. அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்தேன். அப்போதுதான் மஞ்சள் கண்ணில் பட்டுத் தண்ணீர் கொட்டியது.

முனியம்மா என்னைப் பொருட்படுத்தாமல் மஞ்சளை விரலில் எடுத்தார். பக்கத்திலிருந்த சொம்பில் ஒரு பொட்டு வைத்தார். மஞ்சளாகவே இருந்தது. எழுந்துபோய்க் கதவு நிலையில் ஒன்று. மஞ்சள். காலண்டர் அட்டையில் ஒன்று. மஞ்சள். சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒன்று வைத்துவிட்டு இடுப்பில் கையூன்றி நின்றார். மெல்லச் சிவந்தது. நானும் செல்வியும் அவர் பின்னாலேயே வீடு முழுக்கப் போனோம். அடுத்து எதில் வைக்கப்போகிறார் என்பதைத் தவிர எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. என் சட்டையில் ஒன்று வைத்தார், மஞ்சள். பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் போனார். அங்கிருந்த சோப்புக் கட்டியில் ஒன்று வைத்தார். சிவப்பு.

நின்றார்.

“ஏண்டி செல்வி, மஞ்சக்கறை பட்ட துணியில சவுக்காரம் போட்டாச் செவக்கும். அதாண்டி இது.”

“அதத்தாம்மா அண்ணன் அப்பத்துல இருந்து சொல்றாரு.”

“அவரு எங்க சொன்னாரு? கண்ணுலதான் தண்ணி வுட்டாரு.” என் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, சுண்ணாம்பை எதுக்குக் கூழுல போட்ட?”

“கரப்பான் தின்னக் கூடாதுன்னுங்கம்மா.”

“கரப்பானுக்குப் பயந்துக்கிட்டு என்னிய ஒரு மத்தியானம் பூரா சாவடிச்சிட்டியே, கூறுகெட்டவனே.”

அதுவரை என்னைத் திட்டியவர்கள் யாருக்கும் நான் அவ்வளவு நன்றியோடு தலையாட்டியதில்லை. சட்டைப் பையில் கொண்டுவந்திருந்த மீதிப் பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்து, இதைத் தடவினால் பழையபடி மஞ்சளாகிவிடும், எல்லா அட்டையையும் சரிசெய்து தருகிறேன் என்றேன்.

“வெச்ச மஞ்சளை அழிக்கறதா? செவந்தாச் செவந்துட்டுப் போவுது,” என்றார். தரையில் உட்கார்ந்தார். “அந்தப் பைய இந்தாண்ட தள்ளு. இன்னும் பன்னெண்டுக்கு மூலை வெக்கலை.”

வைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாகச் சிவந்தது. கடைசி அட்டையில் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “இது ஆரு கை, ஓரத்துல?” என்று கேட்டார். செல்வி சொன்னாள். “நல்லா எடுத்த போ,” என்றார்.

மறுநாள் காலை கடைக்குப் போனதும் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. செல்வி போனில் சொல்லியிருப்பாள். மேசையின் மேல் புது டேப் பத்து ரோல் இருந்தது. “மாதையண்ணா, எண்ணி வாங்கிக்கங்க,” என்றார். சாரிலிருந்து ஒரு படி இறங்கியிருந்தேன். மாதையா ஆவதற்கு மாசி பிறக்க வேண்டியிருந்தது.

நாற்பது அட்டைகளும் சிவந்த மூலையோடுதான் போயின. இரண்டு வீட்டுக்காரர்கள் வரவில்லை. மூலை சிவந்ததாலா, மறுமணம் என்பதாலா, அன்று தக்காளிக்கு நல்ல விலை கிடைத்ததாலா, தெரியாது. மற்றவர்கள் வந்தார்கள். தை பதினெட்டாம் தேதி காலை பதினொன்றரைக்கு, பாலக்கோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் செல்விக்கும் குமாருக்கும் திருமணம் பதிவானது. சாட்சிக் கையெழுத்து மூன்று வேண்டும் என்றார்கள். முதல் கையெழுத்தை முனியம்மா போட்டார்.